தட்டு மாற்றியது காலேஜுக்குத்தான்

மாட்டுங்கா லேபர் கேம்ப்,
பம்பாய்,
18-8-1963

மரியாதைக்குரிய பெரிய மச்சான் சொரிமுத்து அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் தங்கை முருகம்மாளின் புருஷன் தளவாய் இரண்டு கையும் கூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நான், முருகம்மாள், மகள் பூமாரி மூன்று பேரும் இரண்டு மாதமாக மழையில் ஊறியபடியே சௌக்கியம். அங்கே நீங்கள், அக்கா, மருமகன் பூதத்தான், உழவு மாடுகள் இரண்டு, எல்லாரும் நனைய வேண்டிய அளவுக்கு மட்டும் நனைந்து சௌக்கியமாக இருக்க நம்மூர் அம்மன் துணை செய்யட்டும்.

தாங்கள் எழுதிய கடிதம் புதன்கிழமை வந்தது. நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்தேன், பாதியில் உட்கார்ந்துவிட்டேன். காகிதத்துக்குள்ளிருந்து உங்கள் குரல் அப்படியே கேட்டது, மச்சான். "என் மகனுக்கென்று பிறந்த பெண்ணைச் சோப்புக் கம்பெனிக்காரன் மகனுக்குத் தட்டு மாற்றிக் கொடுத்துவிட்டீராமே, கேம்ப் முழுக்கக் குலவை போட்டார்களாமே, ஆவணி கடைசி முகூர்த்தத்துக்குத் தாலியோடும் ஆட்களோடும் ரயில் ஏறுகிறேன், என் மருமகளைத் தயாராக வையும்" என்று எழுதியிருந்தீர்கள். கடைசியில் "இப்படிக்கு" என்று கூடப் போடாமல் கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். உங்களிடம் நான் என்றைக்கும் பொய் சொன்னதில்லை, இன்றைக்கும் சொல்லமாட்டேன். தட்டு மாற்றியது உண்மை. குலவை போட்டதும் உண்மை. ஆனால் கல்யாணத்துக்கு இல்லை. காலேஜுக்கு.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், கோபப்படாமல் கேட்கவேண்டும். நான் தாராவியில் செல்லத்துரை அண்ணாச்சியின் சலவைச் சோப்புப் பட்டறையில் பதினான்கு வருஷமாகக் கொப்பரை கிண்டுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சோப்பு ஒரு வாரம் கல்லு மாதிரி வரும், ஒரு வாரம் களி மாதிரி வரும், ஒரு வாரம் துணியோடு சேர்த்துத் துவைக்கிறவள் கைத்தோலையும் உரித்துவிடும். ஏன் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அண்ணாச்சி ஒரு கெமிஸ்டைச் சம்பளத்துக்கு வைத்துப் பார்த்தார், அவன் ஒரு மாதம் இருந்துவிட்டு வேறு கம்பெனிக்கு ஓடினான். இன்னொருவனை வைத்தார், அவன் இருபது நாளில் ஓடினான். மூன்றாவது ஆள் வந்து கொப்பரையை எட்டிப் பார்த்துவிட்டு வாசலிலிருந்தே போய்விட்டான். அன்றைக்கு அண்ணாச்சி எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு, "வாங்குத கெமிஸ்ட் எல்லாம் நிக்க மாட்டேங்கான்வே. இனி நாமளே ஒரு கெமிஸ்டைச் செஞ்சிர வேண்டியதுதான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உம்ம பிள்ளை எஸ்.எஸ்.ஸி.யில கணக்குலயும் சயன்ஸுலயும் என்னமோ பெரிய மார்க்குன்னு மிட்டாய் கொடுத்தீரே, அவளைச் செஞ்சிருவமா?" என்று கேட்டார். சோப்புக்கு அச்சு வெட்டுகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார்.

மச்சான், ஒருவன் காசு கொடுத்து என் வீட்டுப் பிள்ளையைப் படிக்க வைக்கிறேன் என்கிறான், படித்துவிட்டு என்னிடமே வேலைக்கு வா, சம்பளமும் தருகிறேன் என்கிறான். இப்படி ஓர் ஏற்பாடு உலகத்தில் உண்டா? காலேஜ் நாலு வருஷம், ஃபீஸ், புத்தகம் எல்லாம் அண்ணாச்சி பொறுப்பு. முடித்ததும் ஐந்து வருஷம் அவர் பட்டறையில் கெமிஸ்ட் வேலை. நடுவில் நின்றாலோ, பம்பாயை விட்டுப் போனாலோ செலவு முழுவதையும் திருப்பிக் கட்டவேண்டும். இதை வக்கீல் ஆபீஸில் முத்திரைப் பத்திரத்தில் இங்கிலீஷில் அடித்து வாங்கி வந்தார். எனக்கும் புரியவில்லை, அண்ணாச்சிக்கும் புரியவில்லை. பூமாரிதான் அதைக் கையில் வாங்கி, ஒரு வரி இங்கிலீஷில் படிப்பதும் ஒரு வரி தமிழில் சொல்வதுமாக முழுக்கச் சொன்னாள். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள், இங்கிலீஷ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பதினேழு வயதுப் பிள்ளை என்பதால் அவள் கையெழுத்துச் செல்லாதாம், நான் போடவேண்டுமாம். படிக்கப் போகிறவள் அவள், பத்திரத்தில் கட்டுப்பட்டவன் நான். அதில் என்னை "இரண்டாம் தரப்பு" என்று போட்டிருந்தது. நம் வம்சத்தில் யாரும் இதுவரை எந்தத் தரப்பாகவும் இருந்ததில்லை.

கையெழுத்துப் போடும் நாள் வந்தது. இங்கேதான் உங்கள் தங்கை புகுந்தாள். வெற்றிலை பாக்கு வைக்காமல் வெறும் காகிதத்தில் எழுதினால் அது என்ன பேச்சு, நாளைக்கு ஒருத்தன் மாறிவிட்டால் யார் கேட்பது என்று பிடிவாதமாக நின்றாள். தாதர் மார்க்கெட்டுக்குப் போய்ப் பித்தளைத் தட்டு, தேங்காய், பழம், கற்கண்டு எல்லாம் வாங்கி வந்தாள். பத்திரத்தின் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவித் தட்டின் நடுவில் வைத்தாள். ராகுகாலம் கழித்து, இங்கே கோலி என்கிற எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கவேண்டும் என்று அண்ணாச்சிக்குச் சொல்லியனுப்பினாள். நான் பயந்துகொண்டேதான் போய்ச் சொன்னேன். அண்ணாச்சியோ, "அதுதானவே முறை!" என்று சந்தோஷப்பட்டுவிட்டார். சொன்ன நேரத்துக்கு வீட்டம்மா ஆவுடையம்மாளோடு டாக்ஸியில் வந்து இறங்கினார். அவர்கள் கையிலும் ஒரு தட்டு. அதில் பூ, பழம், ஃபவுண்டன் பேனா, ஃபீஸ் கட்டின ரசீது, மேலே மடித்து வைத்த ஒரு புதுத் துணி. அது காலேஜில் ரசாயனம் படிக்கிற பிள்ளைகள் சட்டைக்கு மேலே போட்டுக்கொள்கிற வெள்ளைக் கோட்டு. அவர்கள் அளவு தெரியாமல் ஆள் உயரத்துக்குத் தைத்திருந்தார்கள்.

எங்கள் கோலிக்குள் ஐந்து பேர் நிற்க இடமில்லை, அதனால் வாசலில் வைத்தே தட்டு மாற்றிக்கொண்டோம். பூமாரி அன்றைக்கு அம்மாவின் சேலையைக் கட்டித் தலை நிறையப் பூ வைத்திருந்தாள். பக்கத்துக் கோலிப் பேராச்சி தண்ணீர்க் குடத்தோடு வந்தவள் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், பிள்ளை குனிந்து அண்ணாச்சி காலைத் தொட்டதைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் போட்டாள் பாருங்கள் ஒரு குலவை! குழாயடியில் நின்ற பெண்கள் அவ்வளவு பேரும் என்ன ஏது என்று கேட்காமல் அங்கேயிருந்தே பதில் குலவை போட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் சந்து நிறைந்துவிட்டது. நான் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறேன், யார் காதிலும் ஏறவில்லை. ஆவுடையம்மாள் வந்தவர்களுக்கெல்லாம் சந்தனம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். கூட்டம் கலைந்த பிறகு பேராச்சியைப் பிடித்து, "ஏம்மா, அண்ணாச்சிக்கு மகனே கிடையாதே, மூணும் பொம்பளப் பிள்ளைகளாச்சே, மாப்பிள்ளை யாருன்னு நெனச்சுக் குலவை போட்ட?" என்று கேட்டேன். "மாப்பிள்ளை யாருன்னு எனக்கென்ன தெரியும்? தட்டைப் பாத்தேன், நாக்கு தானா சுத்திருச்சு" என்கிறாள். மறுநாள் மெட்ராஸ் மெயிலில் ஊருக்குப் புறப்பட்ட நம்மூர்க்காரர் ஒருவர் அந்தச் சத்தத்தை அப்படியே கொண்டுவந்து உங்கள் வாசலில் இறக்கிவிட்டார். நடந்தது இவ்வளவுதான்.

காலேஜைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும், மச்சான். முதல் நாள் நானும் அண்ணாச்சியும் கூடப் போனோம். மாட்டுங்காவில் ரயிலுக்கு அந்தப் பக்கம்தான், பதினான்கு வருஷமாக அந்தச் சுவரை ஒட்டி நடந்திருக்கிறேன், உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்ததில்லை. படிக்கட்டைப் பார்த்ததும் என்னை அறியாமல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். பியூன் ஓடி வந்து, "அரே பாபா, சப்பல் பஹனோ, யே மந்திர் நஹீ ஹை", செருப்பைப் போடு, இது கோயில் இல்லை என்று அதட்டினான். அவன் அங்கேயே வேலை பார்க்கிறவன், அவனுக்குப் பழகிப்போயிருக்கும். எனக்குக் கடைசிவரை போட மனசு வரவில்லை. ரசாயனக் கூடம் என்று ஒன்றைக் காட்டினார்கள். மேஜைக்கு மேஜை குழாய், திருகினால் தண்ணீர் வருகிறது. பக்கத்தில் இன்னொரு குழாய், திருகினால் நெருப்பு வருகிறது! சுவர் முழுக்கக் கண்ணாடிக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். அண்ணாச்சி ஒரு குப்பியை எடுத்து முகர்ந்து, தும்மி, கண் கலங்கி, "ஏ தளவாயி, இதுல பாதிச் சரக்கு நம்ம பட்டறையிலயும் கிடக்கேவே. இங்க கோயில் மாதிரி வச்சிருக்கான், நாம குப்பையில போட்டிருக்கோம்" என்றார். அங்கே நின்ற வாத்தியார் அம்மாளிடம், "இது எப்ப ரெடியாகும்?" என்று பூமாரியைக் காட்டிக் கேட்டார். அந்த அம்மாள் சிரிக்காமல், "நாலு வருஷம் ஆகும்" என்று பதில் சொன்னார்கள்.

அண்ணாச்சிக்கு முன்பணம் கொடுத்த சரக்கை வாராவாரம் போய்ப் பார்த்துவிடுகிற பழக்கம். எண்ணெய் மண்டியானாலும் அட்டைப்பெட்டிக்காரனானாலும் அப்படித்தான். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பூமாரி பட்டறைக்கு வந்து அந்த வாரம் காலேஜில் என்ன படித்தாள் என்று எங்கள் எல்லாருக்கும் சொல்லிக் காட்டவேண்டும். இது பத்திரத்தில் இல்லை, அண்ணாச்சி வாய்ச்சொல். முதல் ஞாயிறு அவள் கொப்பரைப் பக்கத்தில் ஏறி நின்று, எண்ணெயும் காரமும் சேரும்போது இரண்டும் தன் குணத்தை விட்டுவிட்டு, இரண்டும் இல்லாத மூன்றாவது ஒன்றாக மாறுகிறது, அதற்குப் பெயர்தான் சோப்பு என்று சொன்னாள். நான் துடுப்பைக் கையில் பிடித்தபடியே நின்றேன். பதினான்கு வருஷம், மச்சான்! எண்ணெயும் காரமும் கலந்து கெட்டியாகிறது என்றுதான் நினைத்திருந்தேன். எண்ணெய் எங்கே போகிறது என்று ஒரு நாள் கூட யோசித்ததில்லை. அதைச் சொல்வதற்கு என் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, காலேஜுக்குப் போய்த் திரும்பி வரவேண்டியிருந்தது. புகை பட்டதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை.

போன வாரம் நடந்ததுதான் பெரிய அதிசயம். எங்கள் மேஸ்திரி சிராஜ் பாய், சோப்பில் காரம் கூடுதலா குறைச்சலா என்பதை நாக்கு நுனியில் வைத்தே சொல்லிவிடுவார். இருபது வருஷமாக அதுதான் பட்டறையின் சட்டம். பூமாரி வாத்தியார் அம்மாளிடம் கேட்டு ஒரு சின்னக் குப்பியில் மருந்து கொண்டுவந்தாள். பார்த்தால் வெறும் தண்ணீர். முதல் கட்டியில் ஒரு சொட்டு விட்டாள், ஒன்றும் ஆகவில்லை. சிராஜ் பாய் அதைக் கிள்ளி நாக்கில் வைத்து, "டீக் ஹை", சரியாக இருக்கிறது என்றார். இரண்டாவது கட்டியில் ஒரு சொட்டு விட்டாள். அந்த இடம் அப்படியே ரோஜாப்பூ நிறத்தில் சிவந்தது! சிராஜ் பாய் நாக்கில் வைத்துவிட்டு, "தூ, தீக்கா!" என்று காரம் தாங்காமல் துப்பினார். பன்னிரண்டு கட்டி வைத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டிலும் அவர் நாக்கும் அந்தத் தண்ணீரும் ஒரே தீர்ப்புச் சொல்லின. சிராஜ் பாய் வாயைக் கழுவிக்கொண்டு வந்து, பூமாரி தலையில் கை வைத்து, "பேட்டி, மகளே, நாளேலேர்ந்து என் நாக்குக்கு லீவு கொடு" என்று தமிழும் இந்தியுமாகச் சொன்னார். அண்ணாச்சி மட்டும், "இந்தக் கலர் நல்லாருக்கே, இப்படியே போட்டா விக்காதா?" என்று கேட்டார். கலர் வந்தால் கைத்தோல் போய்விடும் என்று பூமாரி சொன்னதும் கட்டியைக் கும்பிட்டுக் கீழே வைத்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பூதத்தானைப் போல ஒரு மருமகன் எனக்கு எங்கே கிடைக்கும்? நடவு, உழவு எல்லாவற்றிலும் கெட்டிக்காரன், பெரியவர்கள் எதிரில் உட்காரமாட்டான். தாய்மாமன் வீட்டு உரிமையை மதிக்காதவன் நான் இல்லை. இந்த ஆவணியிலேயே முடித்துவிட எனக்கும் ஆசைதான், மச்சான், அம்மன் சாட்சி. ஆனால் பத்திரம் விடவில்லையே! நாலும் ஐந்தும் ஒன்பது வருஷத்துக்கு என் கையைக் கட்டிப் போட்டுவிட்டார்கள். நடுவில் பிள்ளையை ஊருக்கு அனுப்பினால் கோர்ட்டில் நிற்கவேண்டியவன் இரண்டாம் தரப்பாகிய நான்தான். அண்ணாச்சி தங்கமானவர்தான், ஆனால் முத்திரைத்தாள் என்று வந்துவிட்டால் வியாபாரிக்கு முகம் மாறிவிடும். என் இஷ்டத்தில் எதுவுமே இல்லை. ஆகையால் தாங்கள் பெரிய மனசு பண்ணி ரயில் ஏறவேண்டாம். பூதத்தானை ஒன்பது வருஷம் காத்திரு என்று சொல்ல எனக்கு வாயில்லை, அவனுக்கு வேறு நல்ல இடம் பார்த்தாலும் தப்பாக நினைக்கமாட்டேன், முதல் ஆளாக வந்து பந்தியில் பரிமாறுவேன்.

அக்காவுக்கு என் கும்பிடு. பூதத்தானுக்கு மாமனின் ஆசீர்வாதம், அவன் தொட்டது துலங்கட்டும். ஊரில் என்னை விசாரிக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரு கும்பிடும், விசாரிக்காதவர்களுக்கும் அதே கும்பிடும் சொல்லவும்.

தங்கள் காலடியில்,
தளவாய்

பின்குறிப்பு (செவ்வாய்க்கிழமை எழுதுவது):

மேலே உள்ளதை எழுதி முடித்ததும், என் வார்த்தையை மட்டும் நம்புவீர்களோ மாட்டீர்களோ என்று ஒரு சந்தேகம் வந்தது. கம்பெனி ரப்பர் ஸ்டாம்பு ஒன்று கடைசியில் குத்தியிருந்தால் பக்காவாக இருக்குமே என்று நேற்று அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் வியாபாரி, படிக்காமல் எதிலும் ஸ்டாம்பு போடமாட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். குலவை வந்த இடத்தில் சிரித்தார். கடைசிப் பக்கம் வந்ததும் முகம் கறுத்துவிட்டது. "ஏவே, மாமன் மகனுக்கு இந்த ஆவணியிலயே முடிக்க உமக்கும் ஆசையாவே? இதை மொதல்லயே சொல்லப்படாதா? ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவத்தை என் தலையில ஏத்தப் பாத்தீரே!" என்று கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் பெட்டியைத் திறந்து அந்தப் பத்திரத்தை எடுத்து, மஞ்சளோடு நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டார். இதுவரை கட்டின ஃபீஸைக் கல்யாண மொய்யாக வைத்துக்கொள்ளச் சொன்னார். ஆவுடையம்மாளோடு தானே ஊருக்கு வந்து முன்வரிசையில் உட்காருவாராம்.

மச்சான், நான் அண்ணாச்சி கையைப் பிடித்துக்கொண்டு, வேறே பத்திரம் எழுதுங்கள், ஐந்து வருஷத்துக்குப் பத்து வருஷமாகப் போடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உமக்கென்ன கிறுக்கா? பிள்ளை படிக்கணும்னா படிக்கட்டும், நான் ஃபீஸ் கட்டுதேன். முடிச்சிட்டு வேலைக்கு வந்தா வரட்டும், வராட்டாப் போகட்டும். ஆனா உம்ம மச்சானுக்குச் சொல்லவேண்டியதை நீருல்லா சொல்லணும், என் ஸ்டாம்பு என்னத்துக்கு?" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். முருகம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் அதை உலையில் போட்டாள். பிறகு, "எங்கண்ணன் கோவம் என்ன, பொங்கலுக்கோ அடுத்த பொங்கலுக்கோ ஆறிரும். எழுதுங்க" என்றாள். பூமாரி, "நீங்க எழுதலன்னா நான் எழுதுதேன்ப்பா. என் தமிழ் எழுத்தைப் பாத்தா மாமாவுக்கு இன்னும் கோவம் வரும்" என்றாள். இன்றைக்குக் காலையில் எந்தப் பத்திரமும் கட்டிப்போடாமல், முழங்காலுக்குக் கீழே தொங்குகிற அந்தக் கோட்டை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, மழையில் குடை பிடித்துக் காலேஜுக்குப் போய்விட்டாள். அவள் சந்தின் முனை திரும்புகிறவரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகையால் மச்சான், இந்த ஆவணியிலேயே முடித்துவிட எனக்கும் ஆசை என்று மேலே அம்மன் மேல் ஆணையிட்டு எழுதினேன் அல்லவா, அது பொய். என் இஷ்டத்தில் எதுவும் இல்லை என்றேனே, அதுவும் பொய். அம்மனிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், உங்களிடம் இதிலேயே கேட்கிறேன். பத்திரம் போய்விட்டது. ஆனாலும் கல்யாணம் இல்லை. அவள் படிக்கட்டும். இதை நான்தான் சொல்கிறேன்.